சீஸ்டார் எஸ்50: கொழும்பு மொட்டைமாடியில் விண்மீன்களை அளப்பவருக்கு இது போதுமா?

சீஸ்டார் எஸ்50 என்ற சிறிய தானியங்கித் தொலைகாட்டியைப் பற்றிய மதிப்பீடுகளில் பெரும்பாலானவை அது எடுக்கும் படங்களோடு நின்றுவிடுகின்றன. ஓரியன் நெபுலா எவ்வளவு சிவப்பாக விழுந்தது, அந்திரொமீடாவின் கைகள் பிரிந்து தெரிந்தனவா, நிலாவின் கிண்ணக்குழிகள் கூர்மையாக வந்தனவா என்பவையே அவற்றின் அளவுகோல்கள். நான் இக்கருவியை வேறொரு தேவைக்காக வாங்கினேன். உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் கற்பிப்பவன் என்பதால், வானியற்பௌதிக ஆய்வாளராக வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வரும் மாணவர்களை ஆண்டுதோறும் சந்திக்கிறேன். அவர்களில் பலருக்குப் புறக்கோள்கள் மீதுதான் கண். பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்களைத் தேடுவதும், விண்மீன்களின் ஒளி ஏன் கூடிக் குறைகிறது என்று ஆராய்வதும் ஒருவருக்குத் தொழிலாக அமைந்தால் அன்றாடம் என்ன வேலை செய்ய நேரிடும் என்பதை, வெள்ளவத்தையில் இருந்துகொண்டே அவர்களுக்குக் காட்ட முடியுமா என்பதுதான் என் கேள்வி. விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒளி கூடிக் குறையும் மாறொளி விண்மீன்களை அளப்பதற்கு இதைத் தயங்காமல் வாங்கலாம், புறக்கோள் ஒன்றை அளந்துவிட வேண்டும் என்ற ஒரே ஆசையில் வாங்குபவர் கொழும்பின் பருவக்காற்றோடு முதலில் கணக்குத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

கருவியின் விவரங்களைச் சுருக்கமாகவே தருகிறேன். 2023இல் சந்தைக்கு வந்த இது, வானியல் கமெராக்களுக்குப் பெயர்பெற்ற இசட்.டபிள்யூ.ஓ. என்ற சீன நிறுவனத்தின் தயாரிப்பு. முகப்பு வில்லையின் விட்டம் 50 மில்லிமீற்றர். குவியத்தூரம் 250 மில்லிமீற்றர். உள்ளே சோனியின் ஐ.எம்.எக்ஸ்.462 என்ற சிறிய வண்ண உணரி இருக்கிறது. 1920க்கு 1080 பிக்சல்கள், அதாவது 20 இலட்சத்துக்குச் சற்று மேல். எடை ஏறத்தாழ 2.5 கிலோகிராம். மின்கலம், 64 கிகாபைற்று சேமிப்பு, குவியம் சரிசெய்யும் மோட்டார், பனி படியாமல் வில்லையைச் சூடாக்கும் கம்பி, நகர ஒளியை வடிக்கும் வடிகட்டி ஆகிய அனைத்தும் ஒரே உடலுக்குள் அடங்கிவிட்டன. கண்ணை வைத்துப் பார்ப்பதற்குக் கண்வில்லை கிடையாது. கைத்தொலைபேசிச் செயலிதான் கண். பெயரைத் தெரிவுசெய்தால், கருவி தானே வானத்தைப் படம் எடுத்து, தான் எங்கே பார்க்கிறது என்பதைக் கணித்து, இலக்கைத் தேடிப் போய் நிற்கிறது. கொழும்பில் கண்ணுக்குத் தெரியும் விண்மீன்கள் சொற்பம் என்பதால், வழிகாட்டி விண்மீன்களைப் பிடித்துத் தாவித் தாவி இலக்கை அடையும் பழைய முறை இங்கே பெரும்பாலும் பலிப்பதில்லை. ஆகவே இந்த ஒரு வசதிக்கே பாதி விலையைக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம்.

இனி விடயத்துக்கு வருவோம். புறக்கோள் ஆய்வில் பெருந்தொகையான கண்டுபிடிப்புகளைத் தந்த முறை கடப்பு முறை. தன் விண்மீனுக்கும் நமக்கும் நடுவே கோள் கடந்துபோகும்போது விண்மீனின் ஒளி மிகச் சிறிதளவு மங்கும். அந்த மங்கலை நேரத்துக்கு எதிராக வரைந்தால் கிடைப்பது ஒளிவளைவு. வியாழன் அளவுள்ள கோள் சூரியன் போன்ற விண்மீனை மறைத்தால் மங்கல் ஏறத்தாழ 1 சதவீதம். பூமி அளவுள்ளதாயின் அதில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. 2009இல் ஏவப்பட்ட கெப்லர், 2018இல் ஏவப்பட்ட டெஸ் ஆகிய நாசாவின் தொலைகாட்டிகள் விண்வெளியிலிருந்து செய்தது இதே அளவீட்டைத்தான். டெஸ்ஸிலுள்ள நான்கு கமெராக்களில் ஒவ்வொன்றின் வில்லைத் திறப்பும் சுமார் 10 சென்ரிமீற்றர்தான் என்று சொன்னால் மாணவர்கள் நம்ப மறுக்கிறார்கள். அதைவிட வியப்பானது 1999 செப்டெம்பரில் நடந்தது: அப்போது முனைவர் பட்ட மாணவராக இருந்த டேவிட் ஷார்பொனோ, அமெரிக்காவின் கொலராடோவில் வாகனத் தரிப்பிடம் ஒன்றில் வைத்த 10 சென்ரிமீற்றர் தொலைகாட்டியால் எச்.டி.209458 என்ற விண்மீனின் ஒளி ஏறத்தாழ 1.5 சதவீதம் குறைந்து மீள்வதைப் பதிவு செய்தார். மனித வரலாற்றில் அளக்கப்பட்ட முதற் கோள் கடப்புகளில் அது ஒன்று. நம் கையிலுள்ள கருவியின் விட்டம் அதில் பாதி. பரப்பளவில் நாலில் ஒன்று. உணரிகள் அதற்குப் பிறகு வெகுவாக முன்னேறியிருப்பதால் இந்தக் குறையில் ஒரு பகுதி நிரம்பிவிடுகிறது.

அந்தக் கடப்பு ஏன் அவ்வளவு முக்கியமாயிற்று என்பதைப் புரிந்துகொண்டால்தான், நான் மாறொளி விண்மீன்களை முன்னே வைப்பதன் காரணம் விளங்கும். 1995இல் மிஷேல் மேயரும் அவருடைய மாணவர் டிடியே கெலோவும் 51 பெகாசி என்ற விண்மீன் 4.2 நாளுக்கு ஒருமுறை முன்னும் பின்னும் அசைவதைக் கண்டு, அதைக் கோளொன்று இழுக்கிறது என்று அறிவித்தார்கள். 2019இல் அவர்களுக்கு நோபெல் பரிசு கிடைத்தது அதற்காகவே. ஆனால் 1997இல் டேவிட் கிரே என்ற விண்மீன் ஆய்வாளர், அசைவதாகத் தோன்றுவது விண்மீனின் சொந்தத் துடிப்பாக இருக்கலாம், கோள் தேவையில்லை என்று எழுதினார். மேலதிக அளவீடுகளுக்குப் பிறகு மறு ஆண்டே அந்த ஐயம் விலகியது, எச்.டி.209458இன் கடப்பு வந்தபோது, இத்தகைய கோள்கள் மெய்யானவை என்பதில் எவருக்கும் மறுப்பு இருக்கவில்லை. எல்லாக் கதைகளும் இப்படிக் கோளுக்குச் சாதகமாக முடிவதில்லை. கிளீஸ 581 என்ற சிறு செந்நிற விண்மீனைச் சுற்றுவதாகக் கொண்டாடப்பட்ட கோள்களில் ஒன்று, விண்மீனின் மேற்பரப்புச் செயற்பாடு உண்டாக்கிய மாயை என்று 2014இல் காட்டப்பட்டது. கரும்புள்ளிகள், எரிவீச்சுகள், துடிப்புகள், சுழற்சி ஆகியவற்றால் எந்த விண்மீனும் சும்மா இருப்பதில்லை. கோளைத் தேடுபவரின் வேலைநாட்களில் கணிசமான பங்கு, கோள் அல்லாதவற்றைக் கழிப்பதில்தான் போகிறது. இதைப் பாடப்புத்தகத்தில் வாசிப்பதும், தானே அளந்த புள்ளிகளில் முட்டி மோதிப் பார்ப்பதும் ஒன்றாகா.

சீஸ்டாரை அளவீட்டுக் கருவியாக மாற்றுவதற்குச் செய்ய வேண்டியவை சில உண்டு. பெட்டியோடு வரும் கையேட்டை மட்டும் நம்பினால் இவை தெரியவரமாட்டா. கருவி இயல்பாகவே 10 செக்கன் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அழகுபடுத்திய ஒரே படத்தைக் காட்டும். அளப்பவருக்கு அந்த அடுக்கிய படத்தால் பயனில்லை. செயலியின் அமைப்புகளில் ஒவ்வொரு தனிப் படத்தையும் சேமிக்கும் தெரிவை இயக்கிக்கொள்ள வேண்டும். அப்போது வானியலாளர் பயன்படுத்தும் ஃபிட்ஸ் வடிவக் கோப்புகள் கிடைக்கின்றன. ஒவ்வொன்றின் தலைப்பிலும் படம் எடுத்த நேரம் சர்வதேச நேரத்தில் எழுதப்பட்டிருக்கும், இலங்கை நேரத்திலிருந்து ஐந்தரை மணித்தியாலம் பின்னே. மடிக்கணினிக்கு மாற்றிய பின், அஸ்ட்ரோ இமேஜ் ஜே போன்ற இலவச மென்பொருளில் பச்சைப் பிக்சல்களை மட்டும் பிரித்தெடுத்து, இலக்கு விண்மீனின் ஒளியை அதே படத்திலுள்ள மாறாத விண்மீன்களின் ஒளியோடு ஒப்பிட வேண்டும். நகர ஒளி வடிகட்டியை இந்த வேலைக்கு அறவே தவிர்க்க வேண்டும். நெபுலாக்களுக்கு அது வரப்பிரசாதம், ஆனால் விண்மீன் ஒளியின் பெரும்பகுதியை வெட்டி எறிந்துவிடும். இன்னொன்று: ஏழாம் எட்டாம் ஒளிப்பருமனிலுள்ள (இந்த எண் குறையக் குறைய விண்மீன் பிரகாசமானது) பிரகாசமான விண்மீன்கள் 10 செக்கனுக்குள்ளேயே உணரியை நிரப்பிவிடும், நிரம்பிய பிக்சல் எதையும் அளக்காது. குவியத்தைக் கையால் சற்றே விலக்கி, விண்மீனைச் சிறு வட்டமாகப் பரப்பினால் இது தீரும். படம் அசிங்கமாக இருக்கும். அதைப் பார்த்து முகம் சுளிப்பவர் இன்னும் படப்பிடிப்பாளராகவே இருக்கிறார் என்று பொருள்.

முதல் இலக்காக நான் எல்லோருக்கும் சொல்வது கும்ப விண்மீன்குழாத்திலுள்ள சீ.வை. அக்குவாரி. அதன் துடிப்புக் காலம் 88 நிமிடம். ஒளிப்பருமன் ஏறத்தாழ 10.4இலிருந்து 11.2 வரை போய் மீளும், அதாவது ஒளி கிட்டத்தட்ட இருமடங்காகி மறுபடி குறையும். டிசம்பர் தொடக்கத்தில் இருட்டியவுடன் அது மேற்குப் பக்கமாக இன்னும் உயரத்தில் நிற்கும். இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே முழுச் சுற்று ஒன்றைப் பிடித்துவிடலாம். இதற்குப் புள்ளிவிவர வித்தைகள் தேவையில்லை. அடுத்தடுத்த தனிப் படங்களிலேயே மாற்றம் தெரிகிறது. ஆறு படங்களைச் சேர்த்து நிமிடத்துக்கு ஒரு புள்ளியாக்கினால், வேகமான ஏற்றமும் ஆறுதலான இறக்கமும் கொண்ட வளைவு, கையால் கோடு கீறியது போல வந்து நிற்கிறது. உச்சம் எந்த நிமிடத்தில் வந்தது என்பதைக் கணிக்கும்போதுதான் உண்மையான பாடம் தொடங்குகிறது. பூமி சூரியனைச் சுற்றுவதால், ஆண்டின் ஒரு காலத்தில் அந்த விண்மீனின் ஒளி நமக்கு முன்னதாகவும் இன்னொரு காலத்தில் பின்னதாகவும் வந்து சேர்கிறது. சூரியனிலிருந்து பூமிக்கு ஒளி வர எடுக்கும் எட்டு நிமிடத்துக்குச் சற்று மேற்பட்ட நேரமே இந்த வேறுபாட்டின் எல்லை. அந்தத் திருத்தத்தைச் செய்யாத மாணவருக்கு உச்ச நேரங்கள் மாதத்துக்கு மாதம் நழுவும். செய்தவருக்கு அவை வரிசையில் வந்து அமரும். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதற்குத் தன் கையால் எடுத்த சான்று அது. இந்த விண்மீனின் துடிப்புக் காலமே பல பத்தாண்டுகளில் மிகச் சிறிதளவு மாறிவந்திருப்பதால், இன்று அளக்கும் உச்ச நேரத்துக்கும் ஆய்வு மதிப்பு உண்டு.

மழை ஓய்ந்த பெப்ரவரி, மார்ச் மாதங்களில் சிறுநாய்க் குழாத்திலுள்ள ஏ.டி. சி.எம்.ஐ. என்ற மாறொளி விண்மீன் நல்லது, துடிப்புக் காலம் மூன்று மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு, ஏற்றத்தாழ்வு 0.3 ஒளிப்பருமன். முன்னையதைவிடக் கடினம், ஆனால் ஒளிப்பருமன் 9.2க்கும் 9.5க்கும் இடையில் என்பதால் ஒளிக்குப் பஞ்சமில்லை. ஒருநாள் அதை அளந்துகொண்டிருக்கையில், மடிக்கணினியில் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த மாணவன் திடீரென்று, “சேர், கோடு கீழே இறங்குது. இது விண்மீனோ, முகிலோ?” என்று கேட்டான். ஒப்பீட்டு விண்மீன்களின் தனிக் கோடுகளைத் திறந்து பார்க்கச் சொன்னேன். அவையும் சேர்ந்தே இறங்கியிருந்தன. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய முகில் கடலிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது. “அப்ப விண்மீன் குற்றவாளி இல்லை, சேர்” என்றான். அந்தக் கேள்வியை அவன் கேட்டதே எனக்குப் போதுமாயிருந்தது, ஏனெனில் இந்தத் துறையில் ஆய்வாளர் தன் தரவிடம் காலம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான்.

எடுத்த அளவீடுகளை வீட்டோடு வைத்திருக்கத் தேவையில்லை. 1911இல் தொடங்கப்பட்ட அமெரிக்க மாறொளி விண்மீன் அவதானிப்பாளர் சங்கம், உலகின் எந்த மூலையிலிருந்து வரும் அளவீட்டையும் ஏற்றுக்கொள்கிறது. அவதானிப்பாளருக்குத் தனிக் குறியீடு கொடுக்கிறது. வண்ண உணரியின் பச்சை ஒளியில் அளந்தவற்றைப் பதிவதற்கென்று தனி வகையே வைத்திருக்கிறது. ஒப்பீட்டு விண்மீன்களின் வரைபடங்களையும் அதுவே இலவசமாகத் தருகிறது. பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் மாணவருக்கு, தன் குறியீட்டின் கீழ் சர்வதேசத் தரவுத்தளத்தில் கிடக்கும் அளவீடுகள் எந்தப் பாராட்டுக் கடிதத்தையும்விடப் பெறுமதியானவை.

புறக்கோள்கள் பக்கம் வந்தால் என் உற்சாகம் சற்றுத் தணிகிறது. 50 மில்லிமீற்றரால் அது முடியாத காரியமல்ல. நரிக் குழாத்திலுள்ள எச்.டி.189733 விண்மீனைச் சுற்றும் கோள் 2.2 நாளுக்கு ஒருமுறை கடக்கிறது. மங்கல் ஏறத்தாழ 2.4 சதவீதம், இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவாக நீடிக்கும், விண்மீனோ 7.7 ஒளிப்பருமன். பல படங்களைச் சேர்த்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளியாக வைத்தால், பள்ளம் வந்து போவதைக் காணலாம். சிக்கல் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. அந்த விண்மீன் மாலையில் உயரத்தில் நிற்கும் மாதங்கள் ஓகஸ்ட், செப்டெம்பர். தென்மேற்குப் பருவக்காற்று கொழும்பு வானத்தைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் காலம் அது. மாற்றுவழியாக ஏப்ரில் தொடக்கத்தில் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து முயலலாம்; கடப்பு அந்த நேரத்துக்குள் முழுமையாக விழ வேண்டும், முகில் இருக்கக்கூடாது, அடுத்த நாள் வகுப்பும் இருக்கக்கூடாது. அந்த விண்மீனும் சாதுவானதன்று. கரும்புள்ளிகள் நிறைந்த அது சுமார் 12 நாளில் தன்னைத்தானே சுற்றும்போது அதன் ஒளி ஏறக்குறைய கோளின் மங்கலுக்கு ஒப்பான அளவில் கூடிக் குறைகிறது. கடப்பு இரண்டு மணித்தியாலத்தில் முடிந்துவிடுவதாலும் சுழற்சி நாட்கணக்கில் நீள்வதாலும்தான் இரண்டையும் பிரிக்க முடிகிறது.

வானம் தெளியும் டிசம்பர், சனவரி மாலைகளில் கிடைக்கும் பிரகாசமான இலக்கு வாஸ்ப் 33. கோள் 1.22 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது, ஆகவே வாய்ப்புகள் அடிக்கடி வரும். மங்கல் 1 சதவீதத்தைச் சற்றே தாண்டும். ஆனால் தாய் விண்மீன் தானே துடிக்கும் இனத்தைச் சேர்ந்தது. ஏறத்தாழ ஒரு மணித்தியாலக் காலமுடைய சிற்றலைகள் கடப்பின் அடிப்பகுதியிலும் ஓடிக்கொண்டிருக்கும். சிறிய கருவியால் இதைச் சுத்தமாகப் பிரிப்பது மிகக் கடினம். தெற்கே பார்ப்பவருக்கு வாஸ்ப் 121 உண்டு. ஐரோப்பாவின் பெரும்பகுதிக்குத் தொடுவானத்தோடு ஒட்டிக்கிடக்கும் அது நமக்கு 44 பாகை உயரம் வரை ஏறுகிறது. மங்கல் 1.5 சதவீதத்தை ஒட்டியது, ஆனால் 10.5 ஒளிப்பருமன் என்பதால் புள்ளிகள் சிதறும். இரண்டு மூன்று வெவ்வேறு இரவுகளின் கடப்புகளை மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால்தான் மனம் நிறையும். ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஏரியல் திட்டத்துக்காகக் கடப்பு நேரங்களைப் புதுப்பிக்கும் எக்ஸோகுளொக் திட்டமும், நாசாவின் எக்ஸோபிளனெட் வொச் திட்டமும் தன்னார்வலர்களின் இத்தகைய அளவீடுகளை வரவேற்கின்றன. ஆனால் 50 மில்லிமீற்றரை வைத்துக்கொண்டு அவற்றுக்குப் பயன்படும் தரத்தில் தொடர்ந்து தருவேன் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். இன்னொரு கேள்வியும் தவறாமல் வரும்: 2019இல் இலங்கை பெயரிட்ட ‘சமகிய’ என்ற கோளைப் பார்க்கலாமா? அதன் விண்மீனான எச்.டி.205739ஐ இக்கருவி எளிதாகப் படம்பிடிக்கும். கோள் 280 நாளுக்கு ஒருமுறை சுற்றுவது. அது கடப்பால் அன்றி, விண்மீனின் அசைவால் அறியப்பட்டது. ஆகவே விண்மீனைக் காட்டலாம், கோளை அளக்க முடியாது.

கொழும்புக்கே உரிய சில விடயங்களை வெளிநாட்டு மதிப்பீடுகளில் காணமாட்டீர்கள். இக்கருவி கிடையாகவும் நிலைக்குத்தாகவும் திரும்பும் முறையில் விண்மீனைப் பின்தொடர்வதால், நேரம் போகப் போகப் படத்தின் சட்டம் வானத்தோடு ஒப்பிடுகையில் சுழலும். ஓரத்திலிருக்கும் ஒப்பீட்டு விண்மீன்கள் வெளியே தள்ளப்படலாம். நாம் நிலநடுக்கோட்டிலிருந்து 7 பாகை வடக்கே இருப்பதால், கிழக்கில் உதித்து ஏறக்குறைய நேராக உச்சிக்கு ஏறும் விண்மீன்களுக்கு இந்தச் சுழற்சி மிகக் குறைவு. உச்சியை நெருங்கும்போது மட்டும் அது திடீரென்று வேகம் பிடிக்கும். ஆகையால் இலக்கு உச்சியைத் தாண்டும் அரை மணித்தியாலத்தைத் தவிர்த்து, கிழக்கிலோ மேற்கிலோ நிற்கும்போது அளக்குமாறு திட்டமிடுவது நல்லது. பின்னர் வந்த மென்பொருளில், கருவியை வானத்தின் அச்சுக்கு இணையாகச் சாய்த்து இயக்கும் முறையும் சேர்க்கப்பட்டது. அது சுழற்சியை இல்லாமலாக்கும். இலண்டனிலிருப்பவருக்கு அது எளிய சாய்வு. இங்கே வான அச்சு தொடுவானத்திலிருந்து 7 பாகைதான் உயர்ந்திருக்கிறது. கருவியைக் கிட்டத்தட்டப் படுக்க வைக்க வேண்டியிருக்கும். உடன் வரும் சிறு முக்காலி அதற்கு ஏற்றதன்று. கனமான முக்காலியும் உறுதியான சாய்தலையும் இல்லாமல் அந்த முறையில் இறங்காதீர்கள்.

நகர ஒளி நினைத்த அளவுக்குத் தடையாக இல்லை. அது பின்னணியை உயர்த்திச் சிதறலைக் கூட்டுகிறது, ஆனால் பிரகாசமான மாறொளி விண்மீன்களின் வளைவைக் கெடுப்பதில்லை. (2022 மின்வெட்டுக் காலத்தில் காலி வீதியே இருண்டு கிடந்தபோது இக்கருவி இன்னும் சந்தைக்கு வந்திருக்கவில்லை என்பதை நினைத்து மனம் வெதும்பியதுண்டு, அத்தகைய இருட்டை மறுபடி வேண்டிக்கொள்ளும் துணிவு எவருக்கும் வராது.) ஈரப்பதமும் உப்புக்காற்றும் வேறு விடயம். கடலிலிருந்து சில தெருக்கள் தள்ளியிருந்தாலும், ஒரு மணித்தியாலம் வெளியே நின்றால் உடலெங்கும் பிசுபிசுப்பு ஏறுகிறது. வில்லைச் சூடாக்கியை முதல் நிமிடத்திலிருந்தே இயக்கிவிட வேண்டும். மின்கலம் அதனால் வேகமாகக் குறையும் என்பதால் கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும் சிறு மின்வங்கி ஒன்றைப் பக்கத்தில் செருகி வைப்பது வசதி. வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பைகளோடு மூடிய பெட்டிக்குள் வைக்க வேண்டும். தொடர்மாடியில் குடியிருப்பவர்கள் அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதும் நல்லது. தானாகத் திரும்பும் கண் ஒன்றை மொட்டைமாடியில் கண்ட எங்கள் மேல்மாடி அன்ரி, அது யாருடைய ஜன்னலைப் பார்க்கிறது என்று விசாரித்தார். நிலாவை ஒருமுறை காட்டிய பிறகு, பிள்ளைகளுக்கு அவரே தேநீர் அனுப்பத் தொடங்கினார்.

விலையைப் பொறுத்தவரை, அறிமுகமானபோது அமெரிக்கச் சந்தையில் 499 டொலராக இருந்தது. இங்கே வந்துசேரும்போது கூரியர் கட்டணமும் சுங்க வரியும் சேர்ந்து தொகை கணிசமாக ஏறும். கட்டளையிடுவதற்கு முன் வரியைக் கணக்கிட்டு எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நான் நாடிய விற்பனையாளர் முதலில் சொன்ன தொகையும் இறுதியில் கேட்ட தொகையும் ஒன்றாக இருக்கவில்லை. இதே நிறுவனத்தின் எஸ்30 மலிவானது, பார்வைப் புலமும் அகலமானது. ஆனால் 30 மில்லிமீற்றர் வில்லை சேகரிக்கும் ஒளி 50 மில்லிமீற்றர் சேகரிப்பதில் 36 சதவீதம்தான். படம் எடுப்பவருக்கு அது பரவாயில்லை, அளப்பவருக்கு அந்த இழப்பு பெரிது. மறுபக்கம், மொறட்டுவையின் கட்டுபெத்தையிலுள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவனத்தில் 1996 முதல் இருக்கும் 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டி, இதைப்போல் 81 மடங்கு ஒளியைச் சேர்க்கிறது. ஆய்வை நோக்கிப் போகும் மாணவர் அப்படியொரு கருவியை எப்படியும் பழகியாக வேண்டும். சீஸ்டாரில் கற்ற ஒப்பீட்டு அளவீடு அங்கே அப்படியே கைகொடுக்கும்.

பணம் இல்லாதவர் மனம் தளரத் தேவையில்லை, இதைப் பெற்றோரிடம் நான் அழுத்தியே சொல்வதுண்டு. டெஸ், கெப்லர் ஆகிய இரண்டின் தரவுகளும் இலவசமாகப் பொதுவில் கிடக்கின்றன. பைத்தன் மொழியில் எழுதப்பட்ட லைட்கேர்வ் என்ற இலவசக் கருவித்தொகுதியால், எந்த மடிக்கணினியிலும் வானத்தின் ஒரு பகுதியை டெஸ் ஏறத்தாழ 27 நாட்கள் விடாது பார்த்த ஒளிவளைவைத் திறந்துவிடலாம். தொழில்முறைப் புறக்கோள் ஆய்வாளரின் பகற்பொழுது, தொலைகாட்டியின் அருகில் நிற்பதைவிட இதற்குத்தான் நெருக்கமானது: நிரல் எழுதுவது, விண்மீனின் ஆட்டத்தை மாதிரியாக்கிக் கழிப்பது, தொலைகாட்டி நேரம் கேட்டு விண்ணப்பம் எழுதுவது, மறுக்கப்பட்டால் மீண்டும் எழுதுவது. இலங்கையில் பிறந்து புறக்கோள் ஆய்வில் பெயர்பெற்ற ரே ஜெயவர்தன, 2008இல் சூரியன் போன்ற இளம் விண்மீன் ஒன்றின் அருகே கோளளவுத் துணையொன்றை நேரடியாகப் படம்பிடித்த குழுவில் இருந்தவர். அதற்குப் பயன்பட்டது ஹவாயிலுள்ள 8 மீற்றர் ஜெமினி தொலைகாட்டி. அத்தகைய தொலைகாட்டியில் ஓர் இரவுக்கு உலகெங்கும் போட்டி. அந்தப் போட்டியில் நிற்பவர் தன் தரவின் ஒவ்வொரு புள்ளியும் எங்கிருந்து வந்தது, எதனால் கெடும் என்பதை விரல்நுனியில் வைத்திருக்க வேண்டும். பதப்படுத்திய தரவை மட்டும் கையாண்ட மாணவருக்கு அந்த இடத்தில் ஓர் இடைவெளி இருப்பதை நான் வகுப்பில் காண்கிறேன். அதை நிரப்புவதற்குத்தான் இந்த 50 மில்லிமீற்றர்.

ஆகவே தனியொருவராக வாங்குவதைவிட, பாடசாலை விஞ்ஞானக் கழகமோ நாலைந்து குடும்பங்களோ சேர்ந்து வாங்குவதையே பரிந்துரைப்பேன். அப்படி வாங்குபவர்கள் முதல் இரவில் நெபுலாக்களைத் தாராளமாகப் பார்த்துக்கொள்ளட்டும், ஆசை தீர வேண்டும். இரண்டாம் இரவிலிருந்து தனிப் படங்களைச் சேமிக்கும் தெரிவை இயக்கி, வடிகட்டியை விலக்கி, இலக்கு உச்சிக்கு ஏறுமுன் தொடங்குங்கள். ஓர் இரவின் கோப்புகள் கிகாபைற்றுக் கணக்கில் சேரும் என்பதால், வெளிச் சேமிப்பகம் ஒன்றையும் அதே கட்டளையிலேயே சேர்த்து வாங்கிவிடுங்கள்.